வெள்ளிக்கிழமைக்காரனுக்கு

நேற்று மாலை தபாலாபீசைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினேன். வாசலில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து சாய்ந்திருந்தது. அதில் இருந்த பட்டைச் சக்கை முழுவதும் தெருவில் கொட்டிக் கிடந்தது. தோல் பதனிடும் தொட்டியில் தோலோடு தோலாக ஊறி, சாறெல்லாம் இறங்கிய பிறகு மிஞ்சுகிற ஆவாரம்பட்டைச் சக்கை. செங்கல் சூளைக்குப் போகிற வண்டியாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். நான் மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். புளிப்பும் துவர்ப்புமான அந்த வாடை உன் சட்டையில் இருக்கும், உன் பந்தில் இருக்கும், நீ கை போட்டுப் பேசிவிட்டுப் போன என் தோளில்கூட இரண்டு நாளைக்கு இருக்கும். வண்டிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துகிறவன் நான். உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. தெருமுனையில் நின்று கத்தினால் காதில் விழுகிற தூரத்தில் இருந்தவனுக்கு எதற்குக் கடிதம்?

நாம் முதலில் சண்டைக்காரர்கள் ஆனோம். முகம் பார்த்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான். இந்த அதிசயம் ஆம்பூரில் நடக்காமல் வேறெங்கே நடக்கும்? இங்கேதான் ஒரே தெருவில் ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அடுத்த வீட்டுக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. உங்கள் தோல் டேனரிகள் வெள்ளிக்கிழமை அடைத்துக் கிடக்கும். ஜும்மா தொழுகை முடிந்ததும் நீங்கள் கால்பந்தைத் தூக்கிக்கொண்டு பாலாற்றங்கரை மைதானத்துக்கு வந்துவிடுவீர்கள். தபாலாபீஸ், தாலுகா கச்சேரி, பள்ளிக்கூடம் என்று உத்தியோகம் பார்த்த எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாக நாங்கள் ஓட வருவோம். ஊரே எங்களைப் பார்த்துச் சிரித்தது. துரத்துகிறவன் யாரும் இல்லாமல் பெரிய மனிதர்கள் ஓடுவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

மைதானம் என்று நாம்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். உன் முதலாளி ஹாஜியாருடைய தரிசு நிலம் அது. ஒரு பக்கம் அவருடைய டேனரிச் சுவர், மறுபக்கம் ஆற்றுக்குள் சரிகிற கரை. பந்தாட நீளம் அகலம் எல்லாம் போதும். வட்டமாக ஓடத்தான் அகலம் போதாது. சுவரையும் தள்ள முடியாது, பாலாற்றையும் தள்ள முடியாது. அதனால் ஆற்றோரத்தில் எங்கள் ஓட்டப் பாதை வளைந்து, உங்கள் ஆட்டக்களத்தின் ஒரு மூலையைக் கடித்துக்கொண்டு திரும்பியது. அந்த ஒரு மூலைதான் நம் இருவருடைய கதையும்.

வளைவில் மணல் பொதபொதவென்று காலை உள்வாங்கும். அதற்காக உங்கள் டேனரி வாசலில் மலைபோல் குவிந்திருந்த சக்கையைக் கூடை கூடையாக அள்ளிவந்து பரப்பினோம். சக்கை படிந்துவிட்டால் பஞ்சு மாதிரி, ஓடுகிற காலுக்கு அவ்வளவு சுகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் மூலை மட்டும் துடைத்த கூடம் மாதிரி கிடந்தது! சக்கையெல்லாம் ஓரமாகக் குவிந்திருந்தது. மறுபடி பரப்பினோம். மறுபடி வழித்திருந்தீர்கள். மூன்றாம் முறை ஆற்றிலேயே கொட்டிவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பலகை வாங்கி, 'ஓட்டப் பாதை. பந்துக்கு அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி நட்டுவைத்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகை எங்கே என்று தேடினால், சுவரோரம் இரண்டு கல்லின் மேல் பெஞ்சாகக் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கரியால் அந்த வாரத்து ஆட்டத்தின் கோல் கணக்கு. நீங்கள்தான் ஜெயித்திருந்தீர்கள்.

எந்தத் தடியன் இது என்று பார்த்தே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் தடியனும் இல்லை ஒன்றும் இல்லை. குட்டையாக, முழங்கை வரை பட்டைச் சாறு ஏறிப் பழுத்த கையோடு ஒருவன், வெறுங்காலால் என் சக்கையை அக்கறையாக ஒதுக்கிவிட்டுப் பந்தை மூலையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"யாரைக் கேட்டு அதை வழிக்கிறீங்க?" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "ஓ! ஞாயித்துக்கிழமை ஆளா? வாங்க வாங்க. உங்களத்தான் ரொம்ப நாளா பாக்கணும்னு இருந்தேன்."

"பேச்சை மாத்தாதீங்க. இது ஓடற பாதை."

"இது கார்னர் அடிக்கிற மூலை. பந்து உருளணும் இல்ல?"

"ஓடறவன் உருளக் கூடாது இல்ல?"

உன் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் போட்டேன். நீயும் விடவில்லை. "பேஜார் பண்ணாதீங்க சார், எங்களுக்கு வாரத்துல ஒரு நாள்தான்" என்றாய். எங்களுக்கு மட்டும் ஏழு நாளா என்று நான் கேட்டேன். அந்த நேரம் பார்த்து ஹாஜியாருடைய குதிரை வண்டி வந்து நின்றது. டேனரியில் உன் தொட்டி வேலையைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர் அவர், நீதான் அங்கே மேஸ்திரி. என்னையும் அவருக்குத் தெரியும், சென்னைப்பட்டணத்துக் கம்பெனிகளிடமிருந்து அவருக்கு வருகிற கடிதங்கள் என் கை வழியாகத்தான் போகும். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்.

"எனக்குப் பட்டை காயப்போட எடம் கம்மியா இருக்குது. புள்ளைங்க ஆடுதே, ஓடுதேன்னுதான் இத சும்மா வுட்டு வெச்சிருக்கேன். இங்கயும் சண்டைன்னா, நாளைக்கே வேலி போட்டுடுவேன்."

நீ பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய்.

"காணும் பொங்கல் அன்னிக்கு ரெண்டு பேருக்கும் லீவுதானே? ஒரே நாள்ல ஓட்டமும் வையுங்க, ஆட்டமும் வையுங்க. நான் வந்து உக்காந்து பாக்கறேன். ஒரு சத்தம், ஒரு கைகலப்பு கேட்டாலும் மைதானம் இல்ல. புரிஞ்சுதா?"

வண்டி போய்விட்டது. உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. வாரம் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரிலும் பட்டைத் தண்ணீரிலும் இடுப்பளவு நின்றவர்களுக்கு நிமிர்ந்து மூச்சு விட அந்த ஒரு தரைதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. எனக்கும் வேறு தரை கிடையாது. கூண்டுக்குள் உட்கார்ந்து தபால் பிரிக்கிறவனுக்கு அந்தக் காலை ஓட்டம் இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

வழி கண்டுபிடித்தது நீதான். அதற்கடுத்த நாள் தபாலாபீஸ் ஜன்னலில் உன் தலை தெரிந்தது. "தபாலு, ஒரு ஐடியா" என்றாய். அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான், என் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஓட்டை விழுந்து, கத்தி பட்டுக் கிழிந்து, விலை போகாத மாட்டுத் தோல்கள் டேனரியில் ஒரு மூலையில் கிடக்கும். அவற்றைச் சேர்த்துத் தைத்து ஒரு பெரிய விரிப்பாக்கி, மூலையில் விரித்து, அதன் மேல் சக்கையைப் பரப்பிவிடலாம். ஓட்டம் முடிந்ததும் நாலு பேர் கயிறு கட்டி இழுத்தால் சக்கையோடு விரிப்பு வந்துவிடும். கீழே உங்கள் மூலை சுத்தமாக இருக்கும். சொல்லிவிட்டு, "எப்டி?" என்று கேட்டாய். நன்றாக இருந்தது. ஆனால் உடனே ஒப்புக்கொண்டால் என் கௌரவம் என்ன ஆவது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசி யோசி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

காணும் பொங்கலன்று டேனரிச் சுவர் மேல் தலைகள்தான் தெரிந்தன. ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்துகூடக் கட்டுச்சோற்றோடு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உங்களோடு ஆட அரக்கோணத்து ரயில்வே ஆட்கள் வந்திறங்கியிருந்தார்கள். முதலில் மைல் ஓட்டம், பிறகு பந்தாட்டம் என்று ஏற்பாடு. ஹாஜியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவருடைய கணக்குப்பிள்ளை. உன் ஆட்கள் விடியற்காலையிலேயே வந்து விரிப்பைப் போட்டு, சக்கையைப் பரப்பி, தூசி எழும்பக் கூடாதே என்று தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா அந்த வளைவு! நான்கூட உன்னிடம் வந்து, "பரவாயில்லை" என்றேன். என்னிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு என்று உனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

விசில் ஊதினார்கள். நான்தான் முன்னால் ஓடினேன். சுவரோரம் தாண்டி, ஆற்றோரம் திரும்பி, வளைவில் காலை வைத்தேன். அவ்வளவுதான் தெரியும். சக்கை காலடியிலிருந்து மொத்தமாக வழுக்கிக்கொண்டு போக, நான் குப்புற விழுந்து கரை ஓரம் வரைக்கும் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் அதே இடத்தில் விழுந்தார்கள். சுவர் மேல் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

வேண்டுமென்றே செய்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? வாயெல்லாம் சக்கை, மனமெல்லாம் நெருப்பு. எங்கள் ஆள் ஒருவன் அதற்குள் கல்லைக் கையில் எடுத்துவிட்டான். நானும் உன்னைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். நாற்காலியில் இருந்த ஹாஜியார் எழுந்து நின்றுவிட்டதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒரு சொல் விழுந்திருந்தால் போதும், மைதானம் அன்றைக்கே போயிருக்கும்.

நீ ஓடிவந்தாய். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கையை ஒதுக்கி, விரிப்பைத் தொட்டுப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாய். "யா அல்லா! நல்ல பக்கத்த மேல போட்டுட்டோமேப்பா!"

உன் ஆட்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தோலுக்கு இரண்டு பக்கம். முடி இருந்த பக்கம் வழுவழுப்பு, விலை எல்லாம் அதற்குத்தான். சதைப் பக்கம் சொரசொரப்பு. டேனரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நல்ல பக்கத்தைத் தரையில் படவிடக் கூடாது என்று கற்றுக்கொள்கிறவர்கள் நீங்கள், பட்டுவிட்டால் கூலியில் பிடிப்பார்கள். விலை போகாத கழிவுத் தோல் என்று தெரிந்தும், கை தன்பாட்டுக்கு நல்ல பக்கத்தை மேலாக விரித்துவிட்டது. பழகிய கையை யார் என்ன செய்ய முடியும்? தண்ணீர் தெளித்த வழுவழுப்பின் மேல் சக்கை நிற்குமா?

"கல்ல கீழ போடுப்பா. அவங்க மேல தப்பில்ல" என்று எங்கள் ஆளிடம் நான் சொல்லி முடிப்பதற்குள், நீ என்னைப் பார்த்துக் கத்தினாய்.

"இன்னா நின்னுக்கினு இருக்க? ஓடு தபாலு! நீ சுத்தி வர்றதுக்குள்ள நாங்க பாத்துக்கறோம். ஓடுன்றேன் இல்ல!"

ஓடினேன். முழங்கால் தோல் சிராய்த்து எரிந்தது. எனக்கு முன்னால் நாலைந்து பேர் போய்விட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் சுவரோரம் போகும்போது திரும்பிப் பார்த்தேன். பதினோரு பேரும் ஆட்டத்துக்கென்று வெளுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையோடு அந்த விரிப்பைப் பிடித்திருந்தீர்கள். சக்கை சரிய, தண்ணீர் கொட்ட, அப்படியே புரட்டினீர்கள். நல்ல பக்கம் சேற்றில் போய் அழுந்தியது. உன் ஆட்களில் ஒருவன் தயங்கி நிற்க, நீ குனிந்து இரண்டு கையாலும் அதைச் சேற்றோடு சேர்த்து அழுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தோலில் நகக்கீறல் பட்டால்கூட அன்றைக்குச் சோறு இறங்காதவன் நீ. பிறகு பதினோரு பேரும் கையாலேயே சக்கையை வாரி வாரிப் போட்டீர்கள்.

நான் வளைவுக்கு வந்தபோது விரிப்பு நகராமலிருக்க அதன் ஓரத்தைச் சுற்றி எல்லோரும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். வெள்ளைச் சட்டை ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. "வா வா வா! கால அழுத்தி வை, ஒண்ணும் ஆவாது!" என்று நீ கத்தினாய். நம்பிக் காலை வைத்தேன். நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் என் காலடிச் சக்கை உங்கள் முகத்தில் தெறித்தது. கடைசியில் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்தவன் பெயர் எனக்கு மறந்துவிட்டது.

அதன்பின் நீங்கள் அந்தக் கோலத்திலேயே பந்தாடி, அரக்கோணத்தாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். ரயில்வே ஆட்கள் அப்பழுக்கில்லாத சட்டையோடு ஜெயித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுத்தமான அந்த மூலையிலிருந்து நீ அடித்த ஒரு கார்னர், கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, நான் ஓட்டக்காரன் என்பதையும் மறந்து கத்தினேன்.

ஹாஜியார் போகும்போது நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். உன் சட்டையை ஒரு நிமிஷம் பார்த்தார். "பட்டைய நான் வேற எங்கயாவது காயப்போட்டுக்கறேன். போய்க் குளிங்கப்பா" என்றார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வேலைக்குப் போகிற வழியில் சுவரோரம் நின்று என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போவாய். "ஒரு பந்தும் இல்லாம சும்மா சுத்தினு இருக்கியே, எங்கப்பா போய்ச் சேரப் போற?" நான் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தபாலாபீஸ் வேலை முடிந்ததும் ஓடிவந்து, இருபத்திரண்டு பேர் சேர்ந்தும் ஒரு பந்தை ஒழுங்காக உள்ளே தள்ளத் தெரியவில்லையே என்று கேட்பேன். ஊரார் சேர்ந்து சுவரோரம் மண் மேட்டில் உட்காரப் படிக்கட்டு வெட்டினார்கள். கொடிக்கம்பம் வந்தது. ராணிப்பேட்டையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்கள் பந்தயத்துக்கு வந்தார்கள். மூலைக்காக நாம் போட்ட சண்டை மட்டும் நிற்கவில்லை. நான் கோடு போடுவேன், அது அரை அடி உள்ளே வந்துவிட்டது என்று நீ கயிறு எடுத்துக்கொண்டு வருவாய்.

சில வருஷங்களுக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி நீ படுத்துவிட்டபோது, நான் வந்து பக்கத்தில் உட்காருவேன். ஒரு நாள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "எங்காளுங்க அந்த மூலைய வுட மாட்டானுங்க. நீயும் வுடாத தோஸ்த். ரெண்டு பேரு எங்க எடம்னு சண்டை போட்டுக்கினு இருக்கற வரைக்கும்தான் எவனும் வேலி போட மாட்டான்." இப்படிப் பேசினால் மூச்சு ஜாஸ்தி வாங்கும், சும்மா இரு என்றேன். "சும்மா இருக்கத்தான் போறேன்" என்றாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும்போல இருந்தது.

நீ போனது ஒரு வியாழக்கிழமை. உன் வாசலில் நிற்கக்கூட இடமில்லை. அத்தனை டேனரியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பள்ளிவாசல் முற்றம் கொள்ளாது, உன்னை அடக்கம் செய்யுமுன் ஜனாஸா தொழுகையை மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உன் தம்பி என் வீட்டுக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, இவ்ளோ பேரு நின்னா வரிசை கோணலாப் போய்டும். ஊர்ல நேரா கோடு போடறது நீங்கதான்னு அண்ணன் சொல்லிக்கினே இருக்கும். வந்து போட்டுக் குடுங்க அண்ணே."

சுண்ணாம்பு வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். மேற்குப் பார்த்து நிற்க வேண்டும் என்று திசை காட்டினார்கள். அந்தத் திசைக்குக் கயிறு பிடித்தால், வரிசைகள் என் ஓட்டப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின, அதுவும் அந்த மூலையிலேயே. இத்தனை வருஷமாக அதன் குறுக்கே எவன் காலை வைத்தாலும் குரைத்தவன் நான். அன்றைக்கு நானே குனிந்து ஒவ்வொரு கோடாக இழுத்தேன். ஒரு கோடுகூடக் கோணவில்லை. நீ இருந்திருந்தால் எதிலாவது அரை அடி குற்றம் கண்டுபிடித்திருப்பாய். கண்டுபிடிக்க ஆளில்லாததால், முடிந்ததும் இன்னொரு தடவை நானே நடந்து பார்த்தேன்.

உன்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். கோட்டுக்குக் கோடு தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். நான் வெளியே, கரையோரம் கை கட்டி நின்றேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் அத்தனை பேரும் என்னோடு நின்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட வந்தவர்கள் பாதையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். "சார், குறுக்க கோடு கோடா இருக்குதே, அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா?" வேண்டாம், தாண்டி ஓடுங்கப்பா என்றேன். நான் முதலில் ஓடினேன்.

அந்தச் சுண்ணாம்பு என்றைக்கோ காற்றில் போய்விட்டது. ஆனாலும் அந்த மூலைக்கு வரும்போது என் கால் தானாக எட்டி வைத்துத் தாண்டுகிறது. பின்னால் வருகிறவர்களில் பாதிப்பேர் உன்னைப் பார்த்தவர்கள்கூட இல்லை. அவர்களும் தாண்டுகிறார்கள்.